சரஸ்வதி பூசைக்கு வந்த சப்பாத்து

1993ஆம் ஆண்டு நவராத்திரி நேரம். அப்போது நாங்கள் லண்டன் ஈஸ்ட் ஹாமில், ஹை ஸ்ட்ரீட் நோர்த்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒட்டிக்கொண்டு நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். நான், என் கணவர், பத்து வயது மகன், ஆறு வயது மகள், என் மாமனார். இவர்களோடு மேல்மாடி முன்னறையில் போர்த்துக்கல் நாட்டுப் பந்தாட்டக்காரர் ஒருவர். கடைசியாகச் சொன்னவர் எப்படி எங்கள் வீட்டுக்குள் வந்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் கதை அளக்கிறேன் என்று நினைப்பீர்கள்.

என் கணவர் மினிகாப் என்னும் வாடகைக் கார் ஓட்டினார். அந்த வருடம் வெயில் காலத்தில் ஒருநாள் விமான நிலையத்தில் ஒரு பெரிய பெட்டியும் ஒரு தோள்பையுமாக நின்ற மனிதரை ஏற்றிக்கொண்டு, கிழக்கு லண்டன் ஓரத்தில் இருந்த ஒரு சின்னப் பந்தாட்டக் கழகத்தின் மைதானத்துக்குப் போயிருக்கிறார். அங்கே அவருக்கு ஒரு அறை ஒழுங்கு செய்து வைப்பதாகச் சொன்னவர்கள் ஒன்றும் செய்து வைக்கவில்லை. என் கணவருக்கு ஒரு குணம், யாரையும் தெருவில் விட்டுவிட்டு வர மாட்டார். எங்கள் வீட்டு முன்னறையும் அப்போதுதான் காலியாகியிருந்தது. அதில் இருந்த சொந்தக்காரப் பொடியன் தெற்கு லண்டனில் சட்டன் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டான். "ரெண்டு கிழமைக்குத்தான்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தார். ரெண்டு கிழமை என்பது மாதக்கணக்கில் நீண்டது.

மாமா ஊரில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சரித்திரத்தில் பெரிய பைத்தியம். வந்தவர் எந்த நாடு என்று கேட்டதும் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டார்.

"முந்தி யாழ்ப்பாணத்தைப் பிடிக்க வந்து எங்கடை நல்லூர்க் கோயிலை இடிச்சாங்கள். இப்ப முன்னறையைப் பிடிச்சிட்டாங்கள்" என்றார்.

"இந்த முறை வாடகை தாறாங்கள்தானே அப்பா" என்றார் என் கணவர்.

மாமா அதற்குச் சிரிக்கவில்லை. வந்தவரோடு நேரே பேசவும் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் என்னிடம் "உங்கடை பறங்கிக்குச் சொல்லு பிள்ளை, குளியலறை லைட்டை நூத்துப்போட்டு வரச்சொல்லி" என்பார். பிள்ளைகள் அங்கிள் என்றார்கள். என் கணவரும் நானும் எங்களுக்குள் பேசும்போது பந்துக்காரர் என்போம். இங்கேயும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பந்துக்காரருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். உயரமானவர், காதோரம் நரை, நடக்கும்போது வலது காலைக் கொஞ்சம் யோசித்து யோசித்து வைப்பார். லிஸ்பனுக்குத் தெற்கே ஒரு மீன்பிடி ஊரில் பிறந்து, பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே பந்தாடப் போனவர். பேர் போன ஆட்டக்காரர் இல்லை. அதை அவரே சொல்லுவார். பெரிய கழகங்கள் கூப்பிடவில்லை. சின்னக் கழகங்கள்தான் கூப்பிட்டன, ஆனால் எங்கெங்கிருந்தெல்லாமோ கூப்பிட்டன. சுவிஸ், கிரேக்கம், பிரான்சில் ஒரு மலையடி ஊர், அங்கோலா, மக்காவ், கனடா, திரும்பவும் கிரேக்கம். ஒரு நாள் என் மகன் பள்ளிக்கூட அட்லஸைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்துவிட்டான். அவர் விரலால் ஒவ்வொரு ஊராகத் தொட்டுக்கொண்டு போனார். மகன் வாயைப் பிளந்துகொண்டு இருந்தான். நான் சமையலை விட்டுவிட்டுக் குசினி வாசலில் நின்று பார்த்தேன். எனக்கு அவரைப் பார்க்க எங்கள் ஆட்கள் ஞாபகம்தான் வந்தது. யாழ்ப்பாணம், கொழும்பு, மொஸ்கோ, பெர்லின், பாரிஸ், லண்டன் என்று விரல் வைத்துச் சொல்ல எங்களிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள்! ஒரே வித்தியாசம், அவரை அந்த ஊர்கள் கூப்பிட்டன. எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை.

பெட்டியை அவர் முழுதாக அவிழ்த்ததே இல்லை. கட்டிலுக்குக் கீழே பாதி திறந்தபடி கிடக்கும். நான் அறை கூட்டப் போனால் அதைச் சுற்றிக் கூட்டிவிட்டு வருவேன். சுவரில் மனைவியும் மகளும் நிற்கும் படம் ஒன்று, மாதா சிலை ஒன்று. கோடை விடுமுறையில் மட்டும் ஊருக்குப் போய் வருவாராம். ஒவ்வொரு வருடமும் மனைவிக்கு "இந்த ஒரு வருடம்தான்" என்று சொல்லிவிட்டுப் புறப்படுவாராம். மனைவி இப்போது அதற்குப் பதில் சொல்வதையே விட்டுவிட்டாளாம்.

வந்த புதிதில் மகள் வாசலில் நின்று, "அங்கிள், சப்பாத்தைக் கழட்டுங்கோ!" என்று கத்தினாள். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். தங்கள் மொழியிலும் காலணிக்குக் கிட்டத்தட்ட அதுதான் பெயராம். மாமா பேப்பருக்குப் பின்னால் இருந்து, "கோயிலை எடுத்துக்கொண்டு சப்பாத்தைத் தந்திட்டுப் போனவங்கள்" என்றார். நல்ல காலம், பந்துக்காரருக்கு அது விளங்கவில்லை. அன்றிலிருந்து அவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைக்கும் ஒழுங்கைப் பார்த்தால், எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களுக்கே வெட்கமாக இருக்கும்.

புரட்டாசி மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் படியில் இறங்கும்போது அவருடைய வலது முழங்கால் மடங்கிவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறிவிட்டது. மகள் ஓடிப்போய், "கால் நோகுதோ, கால் நோகுதோ?" என்று கேட்டாள். அவர் அதன் அர்த்தத்தைக் கேட்டறிந்து, திருப்பித் திருப்பிச் சொல்லிப் பழகினார். பிறகு சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு விஷயம் சொன்னார். எந்த நாட்டுக்குப் போனாலும் முதலில் மூன்று சொல் கேட்டுப் பழகுவாராம். நன்றி, சாப்பிடும் பாண், கால் நோகுது. மூன்றாவதை டொக்டரிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும், கழகத்துக்காரர்களிடம் சொன்னால் அடுத்த நாளே பெட்டி கட்ட வேண்டியதுதான் என்றார். ஆகவே எல்லா மொழியிலும் தெரியுமே தவிர, ஒரு மொழியிலும் அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவரோடு நான்தான் போனேன். அவருடைய ஆங்கிலம் அரைகுறை, என்னுடையது அதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். இன்னொரு தடவை இந்த முழங்கால் திரும்பினால் பந்து அடிப்பது இருக்கட்டும், தடி இல்லாமல் நடப்பதே சந்தேகம். பந்தாட்டத்தை விட்டால் இந்தக் கால் உங்களை வயதாகும் வரை சுமக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸின் மேல்தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். இதை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கழகத்துக்கு வெறும் சுளுக்கு என்றுதான் சொல்லப்போகிறாராம்.

"விட்டால் என்ன? பதினேழு வயதிலிருந்து ஆடியது போதாதா?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "விடியற்காலையில் எழும்பி நான் என்ன செய்வது?" என்றார்.

நானும் அப்படிப்பட்ட ஆள்தான். புடவைக் கடைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பேன். ஜன்னலோரம் தையல் மெஷின், பக்கத்தில் மலை மாதிரித் துணி. கலியாண மாதங்களில் கழுத்தைத் திருப்ப ஏலாமல் முழு உடம்பையும் திருப்பித்தான் ஆட்களைப் பார்ப்பேன். யாராவது கேட்டால் ஒன்றுமில்லை என்பேன். எனக்கு யார் புத்தி சொன்னார்கள், நான் அவருக்குச் சொல்ல?

சரஸ்வதி பூசை அந்த வருடம் ஒரு சனிக்கிழமை வந்தது. என் கணவருக்குப் பின்னேர ஷிப்ட் என்பதால் காலையிலேயே பூசையை வைத்துக்கொண்டோம். லண்டன் வீட்டில் சுவாமி அறைக்கு எங்கே போவது? கீழே முன்னால் இருக்கும் அறையில் கணப்படுப்பை மூடி அடித்திருந்த பலகைக்கு முன்னால்தான் கும்பம். மாவிலைக்கு வழியில்லை, அதனால் கறிவேப்பிலைக் கொத்து. மாமா பட்டு வேட்டி கட்டி, அதற்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு, தலையில் குரங்குத் தொப்பியோடு மும்முரமாக நின்றார். பிள்ளைகள் புத்தகம் எல்லாவற்றையும் கொண்டுவந்து அடுக்கினார்கள். கணக்குப் புத்தகத்தை அடியில் வைத்தான் மகன், அதுதான் கடைசியாக வெளியே வரும் என்ற நம்பிக்கையில். நான் தையல் மெஷினைத் துடைத்து இறக்கி வைத்தேன். என் கணவர் கார்ச் சாவியை வைத்தார். ஷிப்டுக்குப் போக வேண்டுமே, அதனால் மாற்றுச் சாவி. சுவாமியோடு அப்படி ஒரு சமாளிப்பு. வெளியே நின்ற காருக்கும் போய்ச் சந்தனம் வைத்துவிட்டு வந்தார் மாமா.

பந்துக்காரர் படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன இது என்று கேட்டார். ஒவ்வொருவரும் எதைக் கொண்டு பிழைக்கிறோமோ, எதைக் கொண்டு படிக்கிறோமோ, அதை இன்றைக்குச் சுவாமிக்கு முன்னால் வைத்துவிடுவோம் என்றேன். நாளைக் காலை விஜயதசமி வரை ஒருவரும் தொடக் கூடாது. நாளைக்குத் திரும்ப எடுத்துக் கொஞ்சமாவது செய்ய வேண்டும்.

"ஒரு நாள் முழுக்க வேலை செய்யக் கூடாதா?" என்று கேட்டார்.

"செய்யக் கூடாது."

"செய்தால்?"

"மாமா விடமாட்டார்" என்றேன்.

அவர் எழுந்து மேலே போனார். குளியலறையில் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது, கன நேரம் கேட்டது. பிறகு இறங்கி வந்தார். கையில் வெள்ளைத் துவாய் ஒன்று, அதற்குள் அவருடைய பந்தாட்டச் சப்பாத்து. ஆடிய ஊர்களின் சேறு எல்லாம் கண்ட சப்பாத்து அது. அடியில் இருக்கும் குமிழ்கள் ஒவ்வொன்றையும் பல்லுத் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியிருந்தார். சோப்பு வாசம் அடித்தது. என்னைப் பார்த்து, "இதையும் வைக்கலாமா?" என்று கேட்டார்.

மாமா கற்பூரத் தட்டோடு திரும்பினார்.

"என்னது, சப்பாத்தோ? சரஸ்வதிக்கு முன்னாலையோ? உனக்கென்ன விசரே பிள்ளை, பாத்துக்கொண்டு நிக்கிறாய்? அண்டைக்குக் கோயிலுக்கை சப்பாத்தோடை வந்தவங்கள், இண்டைக்கு அதைப் பூசைக்கு வைக்கட்டாமோ?"

என் கணவர் கூரையைப் பார்த்தார். அவர் இந்த மாதிரி நேரங்களில் எப்போதும் கூரையைத்தான் பார்ப்பார். பந்துக்காரருக்குச் சொல் விளங்காவிட்டாலும் குரல் விளங்கியது. துவாயை மெதுவாகச் சுற்றத் தொடங்கினார். அந்தச் சுற்றுகிற கையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மாமாவை எதிர்த்து ஒரு சொல் பேசாத மருமகள் என்று பெயர் எடுத்தவள் நான். அன்றைக்கு வாயைத் திறந்துவிட்டேன்.

"மாமா, இப்பதானே போய்க் கார் டயருக்குச் சந்தனம் வைச்சிட்டு வந்தியள். அது மட்டும் ரோட்டிலை ஓடாமல் ஆகாயத்திலையே ஓடுது? இவருக்குக் கால்தான் கார்."

மகள் களுக்கென்று சிரித்தாள். மாமா என்னைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார், சரஸ்வதி படத்தைப் பார்த்தார். போஸ்ட் மாஸ்டர் மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. கும்பம் வைத்த வெள்ளைத் துணியில் வைக்கக் கூடாது. ஒரு தனிப் பலகையில், கொஞ்சம் ஓரமாக, கொஞ்சம் பதிவாக வைக்கலாம். "ஆனால் நான் பொட்டு வைக்கமாட்டன்" என்றார். நான் வைத்தேன். கறுத்த தோலில் சந்தனமும் குங்குமமும் நன்றாகத்தான் இருந்தன. பந்துக்காரர் பூசை முடியும் வரை கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, கோயிலில் நிற்பது போலவே நின்றார்.

அவலும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தபோது மத்தியானம் போல டெலிபோன் அடித்தது. அவருக்குத்தான். வெளிநாட்டுக் கழகங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட். வாசல் பக்கத்தில் நின்று பேசியவர், கையால் போனின் வாயை மூடிக்கொண்டு எனக்கு விஷயத்தைச் சொன்னார். சைப்ரஸில் ஒரு கழகத்துக்கு அனுபவமுள்ள ஒரு ஆள் அவசரமாக வேண்டுமாம். ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்க வந்த அவர்களுடைய ஆள் லண்டனில் நிற்கிறாராம், இரவே திரும்பிவிடுவாராம். பின்னேரம் ஒரு மைதானத்தில் பயிற்சி ஆட்டம். வந்து ஆடிக்காட்டினால் இந்தப் பருவம் முடியும் மட்டும் ஒப்பந்தம். சுளுக்கு என்றதும் இங்கத்தைக் கழகம் அவரை ஓரம் கட்டிவிட்டிருந்தது, எத்தனையோ கிழமையாக இந்த டெலிபோனுக்காகத்தான் காத்திருந்தார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

டெலிபோனை வைத்ததும் நேரே சப்பாத்தை நோக்கி வந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"நாளைக் காலை வரை எடுக்கக் கூடாது" என்றேன். "சொன்னேன்தானே."

உண்மையைச் சொல்லுகிறேன், அந்த நிமிடம் எனக்குச் சரஸ்வதியும் ஞாபகம் இல்லை, பூசையும் ஞாபகம் இல்லை. டொக்டர் வெளிச்சத்தில் பிடித்த படம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. அந்தக் காலைப் பற்றித் தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான், அதையும் சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாக்கையும் மீற முடியாது, காலையும் உடைய விட முடியாது. அதனால் பூசையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார். நான் அசையவில்லை.

"என்ன பிள்ளை அங்கை?" என்று மாமா கேட்டார். என் கணவர் விஷயத்தைச் சொன்னார். ஒப்பந்தம், சைப்ரஸ், பின்னேரம் ஆட்டம், சப்பாத்து இல்லாமல் போக முடியாது என்று எல்லாவற்றையும் சொன்னார். நான் மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். இவர் ஒருக்காலும் விடமாட்டார், வைக்கவே விடாதவர் எடுக்க விடுவாரா?

மாமா குரங்குத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு கதிரையை விட்டு எழுந்து வந்து, பந்துக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக, அவருடைய முகத்தைப் பார்த்து நேரே பேசினார்.

"எடு தம்பி. மனுசன்ரை பிழைப்பெல்லே. அவ கோவிக்கமாட்டா" என்றார். என் பக்கம் திரும்பி, "வழி விடு பிள்ளை. நாங்களும் எத்தினை இடத்திலை சுவாமியையே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறம். சப்பாத்தை எடுத்தால் என்ன?" என்றார்.

என் திட்டம் தலைகீழாகக் கவிழ்ந்தது. எந்த மனிதரை நம்பி நின்றேனோ அவரே பெருந்தன்மை காட்டி என்னைக் கவிழ்த்துவிட்டார். நான் விலகினேன். வேறென்ன செய்வது?

பந்துக்காரர் பலகைக்கு முன்னால் குந்தினார். குந்தும்போதே வலது முழங்காலை மடிக்க முடியாமல் கையை நிலத்தில் ஊன்றினார். சப்பாத்தின் மேல் கை வைத்தார். பொட்டில் விரல் பட்டுச் சந்தனம் ஒட்டிக்கொண்டது. அந்த விரலைப் பார்த்தார். மாமாவை நிமிர்ந்து பார்த்தார். எடுப்பார், எழும்புவார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் எழும்பவில்லை. அப்படியே கம்பளத்தில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"கால் நோகுது ஐயா" என்றார். தமிழில்.

மகள் சொல்லிக்கொடுத்த அதே இழுவையோடு, எழுத்துப் பிசகாமல் சொன்னார். சொல்லிவிட்டு இன்னொரு தடவையும் சொன்னார், "கால் நோகுது." இரண்டாம் தடவை குரல் உடைந்துவிட்டது. இவ்வளவு வருடமாக எத்தனையோ நாட்டில், எத்தனையோ மொழியில் தெரிந்து வைத்துக்கொண்டு சொல்லாமல் விழுங்கியதை, அவர், கோயிலை இடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்த கிழவரிடம் போய்ச் சொல்லி அழுதார். நானும் அழுதேன். அதற்கு வெட்கப்படவில்லை.

மாமாவுக்குக் காலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மெல்லக் குனிந்து அவருடைய தோளில் கை வைத்து, "நோகுதெண்டால் இரு தம்பி. ஆர் உன்னை எழும்பச் சொன்னது?" என்றார். பிறகு என்னிடம், "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? பொடியனுக்குச் சோத்தைப் போடு" என்று அதட்டினார். அதுவரை பறங்கியாக இருந்தவர் அந்த நிமிடத்திலிருந்து பொடியன் ஆகிவிட்டார்.

ஏஜென்ட் திரும்ப எடுத்தபோது பந்துக்காரர் எழும்பிப் போய்ப் பேசினார். ஆங்கிலத்தில் பேசியதால் எனக்கும் கேட்டது. கால் நோகிறது, இன்றைக்கு இல்லை, நாளைக்கும் இல்லை, இனி இல்லை என்றார். அந்தப் பக்கத்தில் இருந்தவர் நிறையப் பேசினார் போலும். இவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நன்றி சொல்லி வைத்தார். அன்றைக்கு அவர் பின்னேரம் முழுக்கத் தூங்கினார். அவர் பகலில் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் விஜயதசமி. எல்லோரும் குளித்துவிட்டு வந்தோம். மகள் அரிசியில் எழுதினாள். மகன் கணக்குப் புத்தகத்தில் ஒரே ஒரு கணக்குச் செய்துவிட்டு மூடினான். நான் மெஷினில் ஒரு தையல் ஓட்டினேன். பந்துக்காரர் சப்பாத்தைத் தொடாமல் ஓரமாக நின்றார். அதை அப்படியே எங்கள் வீட்டில் விட்டுவிட்டு ஊருக்குப் போவதாகச் சொன்னார்.

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் செய்யேலாது. வைச்சதை எடுத்து, கொஞ்சமெண்டாலும் தொழில் செய்துபோட்டுத்தான் விடவேணும். பாதியிலை விட்டால் மரியாதையில்லை." சொல்லிக்கொண்டே குங்குமச் சிமிழை எடுத்தார். முதல் நாள் வைக்கமாட்டேன் என்றவர், விரல் பட்டு அழிந்த இடத்தில் சந்தனத்தைப் பூசி, புதிதாகப் பொட்டு வைத்து, இரண்டு கையாலும் சப்பாத்தைத் தூக்கிக் கொடுத்தார்.

எங்கள் வீட்டுப் பின்வளவை வளவு என்று சொல்வதே கொஞ்சம் கூடுதல்தான். நாலு எட்டு வைத்தால் வேலி வந்துவிடும். உடுப்புக் காயப்போடும் கம்பம் இரண்டு, அதற்குப் பின்னால் குளிருக்குப் பயந்து பொலித்தீன் போர்த்திக்கொண்டு நின்ற என் கறிவேப்பிலைச் செடி. அந்த இரண்டு கம்பமும் கோல் ஆனது. என் கணவர் கோலில் நிற்கப் போனார், மாமா அவரைத் தள்ளிவிட்டுத் தானே போய் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டி, குரங்குத் தொப்பியை இறக்கி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்ற அந்தக் கோலத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஊரில் பள்ளிக்கூட நாளில் தான் கோல்காப்பாளர் என்றார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அதைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

மகனுடைய பிளாஸ்டிக் பந்து. பந்துக்காரர் சப்பாத்தின் நாடாவைக் கட்டினார். ஒவ்வொரு கண்ணியாக, மிக நிதானமாகக் கட்டினார். பந்தைப் புல்லில் வைத்து, பின்னால் இரண்டு அடி போய், மாமாவைப் பார்த்தார். மாமா, "அடி தம்பி, பயப்பிடாதை!" என்றார்.

அவர் அடிக்கவில்லை. பாதத்தின் உட்பக்கத்தால் பந்தை மெல்லத் தட்டினார். அது புல்லில் ஒரு வளைவு எடுத்து, துள்ளி, நேரே போய் மாமாவின் கைகளுக்குள் விழுந்தது. ஒரு கைக்குழந்தையைக் கை மாற்றுவது போல அவ்வளவு பதமாகப் போனது. மாமா பிடித்துவிட்டார். பிடித்தவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடவில்லை. மகன், "தாங்கோ அப்பப்பா" என்று கேட்டும் விடவில்லை. பந்துக்காரர் புல்லில் நின்று கைதட்டினார். நாங்கள் எல்லோரும் தட்டினோம்.

அவருடைய ஊர்ப் பத்திரிகையில் எங்காவது அவருடைய கடைசி ஆட்டம் எது என்று எழுதியிருக்கலாம். ஏதாவது ஒரு கழகம், ஏதாவது ஒரு மைதானம் என்று இருக்கும். ஆனால் அவருடைய கடைசிப் பந்து ஈஸ்ட் ஹாமில் எங்கள் உடுப்புக் கம்பங்களுக்கு நடுவேதான் போனது. அதைத் தடுத்தவர் வேட்டி கட்டிய ஒரு போஸ்ட் மாஸ்டர்.

நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முன்பே அவர் ஊருக்குப் போய்விட்டார். பெட்டியை முழுதாக அவிழ்த்ததே இல்லை என்பதால் கட்டுவதற்கும் நேரம் எடுக்கவில்லை. சப்பாத்தை மாமாவே துவாயில் சுற்றி உள்ளே வைத்தார். போய் மனைவியின் அண்ணனோடு சேர்ந்து டயர் மாற்றும் கடையில் வேலைக்கு நின்றார். அடுத்த நவராத்திரிக்குப் போன் எடுத்து, "பூசை எந்த நாள்?" என்று கேட்டார். அன்றைக்குக் கடையில் சக்கரம் கழற்றும் இரும்புச் சாவியைக் கழுவி மாதா சிலைக்கு முன்னால் வைத்துவிட்டு, அதைத் தொடாமல் மகளோடு கடற்கரைக்குப் போகப் போகிறாராம். மனைவியின் அண்ணன் பைத்தியம் என்று திட்டுகிறாராம். மாமா போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, தமிழில் "கால் எப்பிடி தம்பி?" என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் என்ன பதில் வந்ததோ தெரியாது, மாமா "அது காணும், அது போதும்" என்று சிரித்தார்.

மாமா இப்போது இல்லை. நாங்களும் ரெய்னர்ஸ் லேனுக்கு வீடு மாறிவிட்டோம். பிள்ளைகள் வளர்ந்து, அவரவர் வழியில் போய்விட்டார்கள். தையலை நான் விடவில்லை. ஆனால் வருடா வருடம் சரஸ்வதி பூசைக்கு மெஷினைத் துடைத்து இறக்கி வைத்து, சந்தனம் தொட்டுப் பொட்டு வைக்கும்போது, உனக்கு எங்கே நோகிறது என்று என்னை நானே ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு மட்டும் ஒன்றுமில்லை என்று சொல்வதில்லை.